இந்தத் தண்ணீர் எங்கே பாய்கிறது?

கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிற சில கேள்விகள், கேட்டவரே மறந்துவிட்ட பிறகும் நம்மை விட்டுப் போவதில்லை. வேட்டியில் ஒட்டிக்கொண்ட நாயுருவி விதையைப்போல வீடு வரைக்கும் கூடவே வந்துவிடுகின்றன. சென்ற ஆண்டு தை மாதத்தில், உதகமண்டலம் ஏரியின் நடுவே, படகில் உட்கார்ந்துகொண்டு என் தாய்மாமா கேட்ட கேள்வி அந்த ரகத்தைச் சேர்ந்தது. அன்றைக்கு நான் சிரித்தேன். பிறகு நெடுநாள் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பயணமே ஒரு புகைப்படத்தால் வந்தது. என் அக்காள் மகன் இத்தாலியில் மிலான் நகரத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு விடுமுறை நாளில் காலையில் ரயிலேறி, ஒரு மணி நேரப் பயணத்தில் கோமோ என்னும் ஏரிக்குப் போய்விட்டு, மாலையில் திரும்பியிருக்கிறான். அங்கே எடுத்த படங்களைக் கைபேசியில் அனுப்பியிருந்தான். நாற்புறமும் மலை, மலையின் காலடியில் நீல நிறத்தில் தண்ணீர், தண்ணீரின் விளிம்பில் சிவப்பு ஓடு வேய்ந்த வீடுகள். ஆதியில் பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி அது. ஆழம் 400 மீட்டருக்கும் அதிகம்.

மாமா அப்போது வீட்டில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு வயது 82. சிங்காநல்லூர் ஏரியின் கீழே நெல்லும் கரும்பும் விளைவித்து வாழ்ந்தவர்.

“நம்ம ஏரிக் கரையில நின்னா மலை தூரத்துல தெரியும், மாப்ளே. மலைக்குள்ளேயே ஏரின்னா எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லை” என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து உதகை சுமார் 90 கிலோ மீட்டர். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற அந்த ஏரியை, அடிவாரத்தில் பிறந்து 82 வயது வரைக்கும் இருந்த மனிதர் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் சந்தைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறார். அதற்கு மேலே ஏற வேலை இருக்கவில்லை. வேலை இல்லாமல் ஓர் இடத்துக்குப் போகலாம் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை போலும்.

அடுத்த வாரமே புறப்பட்டோம். 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று அரசுப் பேருந்திலேயே போனோம். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைத் தாண்டி, பர்லியாறு கடந்து, வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, மாமா ஜன்னலோரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கம்பளிச் சட்டை கொண்டுவந்திருந்தேன்; வேண்டாமென்று துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

வார நாள் ஆகையால் கூட்டம் குறைவு. துடுப்புப் படகு ஒன்றில் ஏறினோம். கரையெங்கும் தைல மரங்கள். அவற்றின் நிழல் தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கும் பனி முழுவதும் கலையவில்லை. மாமா கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு சிறு பையனின் சந்தோஷம் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்குது” என்றார். சற்றுப் பொறுத்துப் படகோட்டியின் பக்கம் திரும்பி, “ஏனப்பா, இந்தத் தண்ணி எந்தப் பூமிக்குப் பாயுது?” என்று கேட்டார்.

படகோட்டி சிரித்துவிட்டான். “இது பாயற தண்ணி இல்லீங்க, பெரியவரே. பார்க்கிற தண்ணி.”

நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. “அதெப்படிப்பா? தண்ணின்னா எங்கியாச்சும் போய்த்தானே ஆகோணும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

ஊர் திரும்பியதும் இதை ஒரு வேடிக்கையாக என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் தத்துவம் போதித்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னார்: “உம்முடைய மாமாவுக்கு அழகு தெரியாது ஐயா, பிரயோஜனம்தான் தெரியும். ஜெர்மானியத் தத்துவ ஞானி காண்ட் 1790-இல் எழுதிய நூலில் இதைத்தான் விளக்குகிறார். ஒரு பொருளை அழகென்று சொல்லும்போது அதில் நம்முடைய சொந்த நலன் கலந்திருக்கக் கூடாது. மாந்தோப்பைக் கண்டதும் எச்சில் ஊறினால், அவன் பார்த்தது தோப்பையல்ல, தன் வயிற்றை!”

அப்போது எனக்கு அது சரியென்றே பட்டது. நானும் கதை எழுதுகிறவன்; அழகை அழகுக்காகவே ரசிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இரவு படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மாமா, ‘இந்தத் தண்ணீர் எனக்குக் கிடைக்குமா?’ என்று கேட்கவில்லையே! அவருக்கு இப்போது ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. ‘எந்தப் பூமிக்கு?’ என்றுதான் கேட்டார். முன்பின் அறியாத யாரோ ஒருவனுடைய நிலத்தைப் பற்றிய விசாரம் அது. அதிலே சொந்த நலன் எங்கே இருக்கிறது? காண்ட் சொன்ன நிபந்தனையை என் மாமா மீறவில்லை. படகுக் கூலி கொடுத்துவிட்டோமே, கொடுத்த காசுக்கு ரசித்துத் தீர்க்க வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் மீறியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று தேடிப் படித்தேன். கோமோவைப்போல உதகை ஏரி இயற்கையாக உண்டானதல்ல. ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது, நீலகிரியும் கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த அந்தக் காலத்தில், 1823-ஆம் ஆண்டு வாக்கில் மலையோடைகளைக் கரை போட்டுத் தடுத்து உண்டாக்கியது. அதாவது, நம்மூர் ஏரிகளைப் போலவே மனிதன் மண்ணை வெட்டிப் போட்டுக் கட்டிய ஏரிதான். கரை உடைந்து ஏரி காலியானதும் உண்டு. ஆதியில் இன்னும் பெரிதாக இருந்தது. இன்றைய பேருந்து நிலையமும், குதிரைப் பந்தய மைதானமாக இருந்த நிலமும் ஒரு காலத்தில் ஏரிக்குள் இருந்த இடங்கள். எஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். படகுச் சவாரிக்காகச் சுற்றுலாத் துறையின் கைக்கு வந்தது 1973-இல்.

அதற்கும் முன்னே அந்தப் பள்ளத்தாக்கு தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். தோடர்களின் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். உதகமண்டலம் என்ற பெயரிலேயே அந்த மந்து மறைந்திருக்கிறது. இன்று நகரத்தின் கழிவை ஏரியில் கொண்டுவந்து சேர்க்கிற கால்வாய்க்குக் கோடப்பமந்து கால்வாய் என்று பெயர். ஒரு குடியிருப்பின் பெயர் சாக்கடையின் பெயராக நிலைத்துவிட்டதை எண்ணினால் மனம் என்னவோ செய்கிறது.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? ஏரியில் வழிந்தது சாண்டிநல்லா ஓடையாகக் காமராஜ சாகர் அணைக்குப் போகிறது. அந்த ஓடை மோயாற்றின் கிளை. மோயாறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து கலக்கிறது. 1955-இல் கட்டி முடித்த அந்த அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்துக்குப் பாய்கிறது. கோபியில் வயலுக்கு வரப்பு வெட்டுகிற ஒருவனுடைய மடையில், என் மாமா விரல் நனைத்த தண்ணீரில் ஒரு துளியாவது போய்ச் சேர்ந்திருக்கலாம்.

ஆக, படகோட்டி சொன்னது தவறு. நான் சிரித்ததும் தவறு. ‘பார்க்கிற தண்ணீர்’ என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எல்லாம் பாய்கிற தண்ணீர்தான். நாம் பார்த்துவிட்டுப் போகிறோம். அது பாய்ந்துகொண்டே இருக்கிறது. கரையில் நின்று நாம் தின்றெறிந்த காகிதமும், விடுதிகளின் குளியலறைகளில் நாம் கழுவிவிட்ட அழுக்கும் அதனோடு கூடவே கீழே இறங்குகின்றன. மலையுச்சியில் நிற்கும்போது நாம் எல்லோரும் ஒருவனுக்கு மேலே நிற்கிறோம். கீழே இருப்பவனை நினைக்காமல் அழகை ரசிக்க முடியும். ஆனால் அது பாதிக் கண்ணால் பார்க்கிற பார்வை.

கோமோ ஏரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இத்தாலியின் பெரிய நாவலாசிரியரான மன்சோனி, 1827-இல் வெளிவந்த தம்முடைய புகழ்பெற்ற நாவலை அந்த ஏரியின் வருணனையோடுதான் தொடங்குகிறார். மலை, கரை, தண்ணீர் எல்லாவற்றையும் ஆற அமர வருணிக்கிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. ஊரில் அதிகாரம் படைத்த ஒருவன் ஓர் ஏழைப் பட்டு நெசவாளனுடைய கல்யாணத்தை நடக்கவிடாமல் செய்கிற கதைக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறார். இவ்வளவு அழகான ஏரியின் கரையில் யார் வாழ்கிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே அவருடைய கேள்வி. என் மாமா நாவல் எதுவும் படித்ததில்லை. ஆனாலும் இரண்டு பேருடைய கேள்வியும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஒரு நல்ல உபதேசமாக எழுதி முடித்திருப்பேன். உபதேசம் செய்வது சுலபம். ஆனால் அன்று மாலை பேருந்து மலையிறங்கும்போது மாமா இன்னொரு கேள்வியும் கேட்டார். அதை நண்பரிடம் நான் சொல்லவில்லை.

குன்னூர் தாண்டியிருந்தோம். வெகு நேரம் பேசாமல் வந்தவர், “ஏன் மாப்ளே, உன்ற வீட்டுத் தண்ணி எங்க போகுது?” என்றார்.

“எந்தத் தண்ணிங்க மாமா?”

“குளிக்கிறது, பாத்திரம் கழுவறது...”

“குழாய்ல போகுதுங்க.”

“குழாய்ல போயி?”

எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டைக் கட்டிப் பதினைந்து வருஷமாகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த நாள் வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கே போகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. மாமா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறொரு தண்ணீரின் ஞாபகம் வந்துவிட்டது.

சிங்காநல்லூர் ஏரி ஏறத்தாழ 288 ஏக்கர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருகிற நொய்யலை நம்பிப் பழங்காலத்தில் வெட்டிய குளங்களின் வரிசையில் ஒன்று. அதன் கீழே என் அம்மாவின் பங்காக ஒரு ஏக்கர் சொச்சம் வயல் எங்களுக்கு இருந்தது. அதற்கு அடுத்தது மாமாவின் வயல். கோடையில் ஏரி வற்றினால் ஆயக்கட்டுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளி வந்து வயலில் போடுவார்கள் என்று அம்மா சொல்வாள். வயலுக்கு எரு கிடைத்தது. ஏரிக்குத் தூர் எடுத்ததாகவும் ஆயிற்று. யாரும் அதைத் தர்மம் என்று நினைத்துச் செய்யவில்லை. மடைக்குக் கீழே நிலம் இருந்தது. ஆகையால் மடைக்கு மேலே கவனம் இருந்தது.

2004-இல் நான் அந்த வயலை விற்றேன். ஊரைச் சுற்றி மனை போட்டுக்கொண்டிருந்த காலம். நல்ல விலை வந்தது. விற்றதில் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அம்மாவின் வைத்தியத்துக்குப் பணம் தேவையாக இருந்தது. ஆனால் ஒன்று உண்டு. மாமாவின் வயலுக்குப் போகிற வாய்க்கால் எங்கள் வயலின் வழியாகத்தான் போயிற்று. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அந்த வாய்க்கால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ! நான் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். மனை பிரித்தபோது வாய்க்கால் மேடாகிவிட்டது. இரண்டு வருஷம் பார்த்துவிட்டு மாமாவும் விற்றார். காய்ந்த வயலுக்கு என்ன விலை கிடைக்குமோ அந்த விலைக்கு.

இந்த இருபது வருஷத்தில் இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேருந்தில் கேட்ட கேள்வியும் குத்திக் காட்டுவதற்காகக் கேட்டதல்ல. அப்படிப்பட்ட மனிதர் அல்லர் அவர். தண்ணீரைக் கண்டால் அது போகிற இடத்தைக் கேட்பது அவருக்குப் பழக்கம். கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம். எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அதுவே ஒருவருடைய வயலைக் காய வைக்கப் போதுமானதாக இருந்தது.

பெரிய பாவங்களைச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. நாம் செய்கிற தவறுகளெல்லாம் கேட்காமல் விட்ட கேள்விகள்தாம். நம் கைக்கு வருகிற வரைக்கும் ஒரு பொருளைக் கண்காணிக்கிறோம். கையை விட்டுப் போனதும் அது உலகத்தை விட்டே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலையில் என் வீட்டுக் குழாயைத் தொடர்ந்து நடந்து பார்த்தேன். அது தெருச் சாக்கடையில் விழுந்தது. சாக்கடை இரண்டு தெருக்களைக் கடந்து, கடைகளின் பின்புறமாகப் போய்ச் சங்கனூர்ப் பள்ளத்தில் விழுந்தது. பள்ளம் எங்கே போகிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சிங்காநல்லூர் ஏரிக்குத்தான் போகிறது. நான் விற்ற வயலுக்கு எந்த ஏரி பாய்ந்ததோ, அதே ஏரிக்கு என் வீட்டுச் சோப்புத் தண்ணீர் பதினைந்து வருஷமாகப் பாய்ந்துகொண்டிருக்கிறது. ஏரியோரச் சாலையில் வண்டியில் போகும்போதெல்லாம், ‘இந்த நாற்றத்துக்கு யாரும் ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறார்களே!’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவனும் நானேதான்.

ஆயக்கட்டு போனால் ஏரியும் போய்விடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பாதி உண்மை அது. பிரயோஜனம் இருக்கும்வரை காப்பாற்றுவார்கள், போனதும் கைவிட்டுவிடுவார்கள். உதகை ஏரியைப் பார்த்தால் மறுபாதி தெரிகிறது. லட்சக்கணக்கானவர்கள் அழகென்று வந்து பார்த்தும் கழிவுநீர் அதற்குள் போவது நிற்கவில்லை. வெறும் பிரயோஜனமும் போதாது. வெறும் ரசனையும் போதாது. சிங்காநல்லூர் ஏரியை 2017-இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு இடமாக மாநகராட்சி அறிவித்தது. அந்த ஏரியிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடத் தேவையில்லாத இளைஞர்கள் கரைக்கு வந்து பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள், மரம் நடுகிறார்கள். அவர்களுக்கு மடைக்குக் கீழே நிலம் இல்லை. இருந்தும், இருப்பதுபோல நடந்துகொள்கிறார்கள். காண்ட் கேட்ட சுயநலமின்மையும் என் மாமாவின் கேள்வியும் ஒன்றாகச் சேர்கிற இடம் அதுதானோ என்னவோ!

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் மாமாவை அந்தக் கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. மேற்கே மலை மங்கலாகத் தெரிந்தது. ஆகாயத்தாமரைக்கு அப்பால், திறந்த தண்ணீரில் கூழைக்கடாக்கள் மிதந்தன. நாற்றமும் இருக்கத்தான் செய்தது.

“மாமா, அன்னிக்குப் பூமி விக்கும்போது அந்த வாய்க்காலைப் பத்தி நான் கேட்டிருக்கோணுங்க” என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லி என்னைத் தேற்றவும் இல்லை. “ஆமா, கேட்டிருக்கலாம்” என்றார். பிறகு பறவைகளைக் காட்டி, “அது மட்டும் வந்துட்டே இருக்குது பாரு” என்றார். இருட்டும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

என் வீட்டுச் சமையலறைத் தண்ணீரை இப்போது கொல்லைப்புறத்து வாழைக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். குளியலறைத் தண்ணீர் இன்னும் பழைய வழியில்தான் போகிறது. அதற்கும் ஏதேனும் செய்ய வேண்டும். இது ஒரு பெரிய காரியமல்ல. ஏரி இதனால் சுத்தமாகிவிடப் போவதுமில்லை. ஆனால் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வரும்போது முதலில் கொல்லைக்குப் போய் அந்த வாழையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.